மோடத்தில் சிவப்பு விளக்கு

கே: ஃபைபர் மோடத்தில் 'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாகச் சிமிட்டுகிறது. ஆஃப் செய்து ஆன் செய்தும் பயனில்லை. மோடம் போய்விட்டதா?
– வாசகி, திண்டுக்கல்

ப: பெரும்பாலும் மோடம் நன்றாகத்தான் இருக்கும். கேபிள் வழியே வரவேண்டிய ஒளி வரவில்லை என்பதைத்தான் அந்த எல்.ஓ.எஸ். ('லாஸ் ஆஃப் சிக்னல்') விளக்கு சொல்கிறது. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் வராத ஒளி வராது.

ஒரே கண்ணாடி இழையில் 1490 நானோமீட்டர் ஒளி உங்களுக்கு வருகிறது; மோடம் அனுப்புவது 1310-இல் போகிறது. வழியில் ஸ்பிளிட்டர் அதைப் பல வீடுகளுக்குப் பிரிக்கிறது. 32 ஆகப் பிரித்தாலே சுமார் 17 டெசிபல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) போய்விடும். மிச்சத்தில்தான் உங்கள் வண்டி ஓடவேண்டும். மோடத்தை எட்டும் ஒளி -27 டிபிஎம்-க்குக் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அளவு; மைனஸ் எண் கூடக்கூட ஒளி குறைவு) கீழே இறங்கினால் நெட் விட்டுவிட்டு வரும், பிறகு நின்றேபோகும்.

முதலில் பீரோ, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் பாருங்கள். ஒயர் மடங்கியோ இறுக்கிக் கட்டப்பட்டோ இருந்தால் அந்த வளைவிலேயே ஒளி கசியும்; 3 செ.மீ. ஆரத்துக்குக் குறையாமல் தளர்த்தி விடுங்கள். அடுத்து, மோடத்தில் செருகியிருக்கும் ஒயரின் பச்சை முனையைக் கழற்றி 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை செருகுங்கள். நுனியை விரலால் தொடக்கூடாது, வாயால் ஊதவும் கூடாது. அதன் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீல முனை சேராது. நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

இதற்கும் மசியாவிட்டால் லைன்மேன்தான். வேலை முடிந்ததும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். -20 என்றால் நிம்மதி. -26 என்றால் இன்றைக்கு ஓடும், சீக்கிரமே மறுபடி கூப்பிடுவீர்கள்; ஸ்ப்ளைஸை (இழைகளை ஒட்டிய இணைப்பை) புதிதாகப் போடச் சொல்லி அப்போதே கேட்டுவிடுங்கள்.

கே: 200 எம்பிபிஎஸ் பிளான். லேன் கேபிளில் 94-ஐத் தாண்டவில்லையே?
– வாசகர், ஈரோடு

ப: 94 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது: இணைப்பு 100 மெகாபிட்டில் நிற்கிறது. கிகாபிட்டுக்குக் கேபிளின் 8 கம்பிகளும் வேண்டும். 100-க்கு 4 போதும். ஒரு ஜோடி அறுந்தாலும் சத்தமில்லாமல் வேகம் இறங்கிவிடும். வேறு கேட்-5இ கேபிள் போட்டுப் பாருங்கள். சில மோடங்களில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட். 'ஜிஇ' என்று எழுதியிருப்பதில் செருகுங்கள்.

கே: கரண்ட் போனாலும் நெட் வர மினி யுபிஎஸ் போதுமா?
– வாசகர், நாகர்கோவில்

ப: அடாப்டரில் உள்ள வோல்ட் (பெரும்பாலும் 12) அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக்கூடாது. ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. ஆனால் ஆபரேட்டர் உங்கள் தெருவில் நெட்வொர்க் ஸ்விட்ச் (மின்சாரத்தில் ஓடி, பல வீடுகளுக்கு நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வைத்து லைன் கொடுத்திருந்தால், அதற்கும் பேக்கப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.