மூன்றரை டன்னை இரண்டு லிட்டர் இழுக்குமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2 லிட்டர் டர்போ டீசல் பிக்கப், 160 குதிரைசக்தி. 2,000 கிலோ டிரெய்லரை மலைப்பாதையில் இழுக்க வேண்டும். வண்டிப் புத்தகத்தில் 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று போட்டிருக்கிறது. நண்பரோ, "இத்தனூண்டு எஞ்சினை நம்பி மலை ஏறாதே" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: புத்தகத்தை நம்புங்கள். நண்பர் சொல்வதில் பாதியைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். "லிட்டர் பெருசா இருந்தாத்தான் இழுக்கும்" என்று இருபது வருடம் முன்பு நானே கடையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஃபோர்டு ரேஞ்சரில் ஐந்து சிலிண்டர் 3.2 லிட்டர் எஞ்சின் வந்தது; அதன் டார்க், அதாவது சுழற்றும் முறுக்கு விசை, 470 நியூட்டன் மீட்டர். அப்புறம் அதே வண்டியில் வந்த இரட்டை டர்போ 2 லிட்டர் எஞ்சின் 500 கொடுத்தது. டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் சின்ன சிலிண்டரும் அதிக டீசலை எரிக்க முடிகிறது, அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் மலையில் டார்க்கை மட்டும் பார்த்தால் போதாது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 4,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஏற்றம். அதில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் 53 குதிரைசக்தி. டயர் உருளுவதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் சேர்த்தால் 75 பக்கம் வரும். உங்கள் எஞ்சின் சிரித்துக்கொண்டே ஏறும். அதே ஏற்றத்தில் 100-ல் போக ஆசைப்பட்டால், டிரெய்லர் பெட்டி மாதிரி உயரமாக இருக்கும்போது, சக்கரத்துக்கே 160 வந்து சேர வேண்டும். உங்களிடம் மொத்தமே அவ்வளவுதான். அதிலும் கியர்பாக்ஸ் கொஞ்சத்தைத் தின்றுவிடும். இப்படிப் பத்து நிமிடம் மிதித்தால் வெப்பமுள் மேலே ஏறும்.

அதனால் மேடு தொடங்கும்முன்பே ஒரு கியர் குறைத்துவிடுங்கள். டாப் கியரில் வண்டி "உம் உம்" என்று திணறும்போது மிதித்துக்கொண்டே இருப்பதுதான் சின்ன எஞ்சினுக்குச் செய்கிற பெரிய கொடுமை. ஆட்டோமேட்டிக் என்றால், டிரெய்லர் இழுப்பதற்கென்று இருக்கும் டோ மோடு பொத்தானை அமுக்குங்கள்; கியர் அடிக்கடி மாறி மாறித் தடுமாறாது. ஒரு முறை அவசரத்துக்கு அந்தப் பொத்தானை மறந்து ஏறிய வண்டியின் கியர்பாக்ஸை நான் பிரித்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. கருகிய வாடை இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

முள் ஏறிவிட்டால் வேகத்தைக் குறைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள். உள்ளே வெந்து போவீர்கள், எஞ்சின் கொஞ்சம் மூச்சு விடும். ஓரம் கட்டினாலும் உடனே சாவியைத் திருகி அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். டர்போவின் சூட்டை ஆயில் வாங்கிக்கொண்டு போகட்டும்.

கேள்வி: டிரெய்லர் எடை அனுமதிக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் மாட்டியவுடன் பின்பக்கம் தணிந்து ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கிறது. ஏன்?

பதில்: டிரெய்லரை இழுக்கத்தானே செய்கிறோம், அது வண்டிமேல் ஏறி உட்காரவில்லையே என்று நினைக்கிறோம். உட்காருகிறது! டிரெய்லர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு டோ பால்மேல், அதாவது டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டின்மேல், இறங்க வேண்டும். 2,500 கிலோ டிரெய்லர் என்றால் 250 கிலோ. அது உங்கள் வண்டியின் லோடு கணக்கில்தான் சேரும். வண்டி 700 கிலோ தாங்கும் என்று வையுங்கள். உள்ளே நான்கு பேர் 300, பின் தொட்டியில் டூல்பாக்ஸும் சாமானும் 200, டோ பாலில் 250. மொத்தம் 750 ஆயிற்று. எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பின் சக்கரத்துக்கு மேலிருக்கும் ஸ்பிரிங் பட்டைதான் முதலில் கை தூக்கியிருக்கிறது.

டோ பாலில் எவ்வளவு எடை இறங்குகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஆள் எடை பார்க்கும் மெஷின் ஒன்று, கனமான பலகை ஒன்று. பலகையின் ஒரு முனை மெஷின்மேல், மறு முனை அதே உயரச் செங்கல்மேல். டிரெய்லரின் மூக்கை, அதாவது டோ பாலில் மாட்டும் முனையை, செங்கல் பக்கமாக, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இறக்குங்கள். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் விடை. பலகையின் எடையை முதலிலேயே பார்த்துக் கழித்துவிடுங்கள், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்காமல் இதில் இறங்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் கனமானதையெல்லாம் டிரெய்லரின் பின்னால் வைத்து மூக்கை லேசாக்கிவிட்டால் என்ன?

பதில்: வேண்டவே வேண்டாம். நான் அதைச் செய்து பார்த்தவன். சின்ன டிராக்டர் ஒன்றை ஏற்றும்போது, பிக்கப் பின்பக்கம் தணிகிறதே என்று ஒரு சாண் பின்னால் தள்ளிக் கட்டினேன். சமதளத்தில் வண்டி பட்டுப் போல ஓடியது. ஓர் இறக்கத்தில் 80-ஐத் தாண்டியதும் கண்ணாடியில் டிரெய்லரின் இடது சக்கரம் தெரிந்தது, அப்புறம் வலது, அப்புறம் இடது. நாய் வாலை ஆட்டுகிற மாதிரி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது.

அந்த நேரத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள். டிரெய்லருக்குத் தனி மின்பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் போடுங்கள். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து நேராக்கிவிடும். என்னிடம் அன்றைக்கு அது இல்லை. வேகம் 60-க்கு வந்ததும் தானாக அடங்கியது. இறங்கிப் போய் டிராக்டரை அவிழ்த்து முன்னால் நகர்த்தினேன், கை நடுங்கியதில் முடிச்சு போடவே நேரமாயிற்று.

எடையில் சுமார் அறுபது சதவீதம் டிரெய்லர் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். பிக்கப் தணிந்தால் அதன் தொட்டியில் உள்ள சாமானைக் குறையுங்கள்.

கேள்வி: இறக்கத்தில் சின்ன எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துமா?

பதில்: பெரிய எஞ்சின் அளவுக்குப் பிடிக்காது. அதே 4,000 கிலோ, அதே ஏற்றத்தின் மறுபக்கம். ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் வெளிப்படும் சக்தி, எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி எஞ்சினுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பிரேக்குக்கு. ஐந்து கிலோமீட்டர் இறக்கத்தில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே போனால் பெடல் பஞ்சாக இறங்கும். மேலே நிற்கும்போதே கியரைக் குறைத்து, மெதுவாகத் தொடங்குங்கள். வேகம் கூடினால் நன்றாக ஒரு மிதி மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். கால் பிரேக்கிலேயே ஊன்றிக் கிடக்கக் கூடாது.

கேள்வி: கம்ப்யூட்டரில் ட்யூனிங் மாற்றி 40 குதிரைசக்தி ஏற்றித் தருகிறார்களாம். இழுக்கும் அளவும் கூடுமா?

பதில்: கூடாது. அந்த அளவு பிரேக், சேஸிஸ், அச்சு, டிரெய்லர் மாட்டும் ஹிட்ச், கூலிங் எல்லாவற்றையும் பார்த்துப் போட்டது. ட்யூனிங் இவற்றில் எதையும் மாற்றுவதில்லை. அந்தக் காசில் டிரெய்லருக்கு பிரேக் போடுங்கள்.

கேள்வி: டயர் காற்று எவ்வளவு வைக்கலாம்?

பதில்: டிரைவர் கதவோரம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல வண்டிகளில் முழு லோடுக்கென்று தனி அளவே போட்டிருப்பார்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவைப் பிடியுங்கள். டிரெய்லர் டயருக்கு அதன் பக்கவாட்டிலும் பிளேட்டிலும் பாருங்கள். அதையும் குனிந்து பார்க்க வேண்டும், யாரும் பார்ப்பதில்லை.