சேபர்ட்: பிள்ளைகள் "சாபா" என்றழைத்த மன்னர்

கேள்வி: அதிகம் பேசப்படாத ஆரம்பகால ஆங்கிலோ-சாக்சன் மன்னர் ஒருவரின் வாழ்க்கையையும் வம்சத்தையும் சொல்ல முடியுமா?

எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் சேபர்ட். இங்கிலாந்தில் இன்றைய எஸ்ஸெக்ஸும் லண்டனும் அடங்கிய கிழக்குச் சாக்சன் நாட்டை ஆண்டு, 616 வாக்கில் இறந்தார். அப்பா ஸ்லெட். அம்மா ரிகூலா, பக்கத்து நாடான கெண்டின் மன்னர் எதெல்பெர்ட்டின் உடன்பிறந்தவர்.

சேபர்ட்டின் ஆட்சியில் தாய்மாமன் கை ஓங்கியே இருந்தது. 604இல் மெலிட்டஸ் என்ற பாதிரியார் கிழக்குச் சாக்சன்களுக்கு ஆயராக வந்தார். சேபர்ட் ஞானஸ்நானம் பெற்றார். லண்டன் மருமகனின் நகரம்தான், ஆனால் அங்கே புனித பவுல் ஆலயத்தைக் கட்டியது மாமன்.

வம்சாவளி விசித்திரமானது. மற்ற ஆங்கிலோ-சாக்சன் அரச குடும்பங்கள் பெரும்பாலும் வோடன் கடவுளைத் தங்கள் மூதாதையாகச் சொல்லிக்கொண்டன. இவர்கள் மட்டும் சாக்ஸ்நெட் என்ற கடவுளிடமிருந்து வந்ததாகச் சொன்னார்கள். 9ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்றில் ஸ்லெட்டுக்கு மேலே எஸ்க்வின், ஓஃபா, பெட்கா என்று பட்டியல் ஏறி சாக்ஸ்நெட்டில் முடிகிறது. ஸ்லெட்டுக்கு முந்தைய பெயர்களை நான் வரலாறாக எடுத்துக்கொள்வதில்லை. ஐரோப்பியப் பெருநிலத்துச் சாக்சன்களைப் பிற்காலத்தில் ஞானஸ்நானம் பெறும்போது வாய்விட்டுக் கைவிடச் சொன்ன தெய்வங்களில் இதே சாக்ஸ்நெட்டும் உண்டு.

என்னை இவரிடம் இழுத்தது, 731இல் எழுதி முடித்த பீட் என்ற துறவி சொல்லும் ஒரு காட்சி. சேபர்ட் இறந்ததும் மூன்று மகன்களும் பழைய தெய்வங்களை வெளிப்படையாக வணங்கத் தொடங்கினார்கள். ஒருநாள் மெலிட்டஸ் ஆலயத்தில் மக்களுக்கு நற்கருணை என்ற புனித ரொட்டியைக் கொடுப்பதைப் பார்த்தார்கள். "எங்கள் அப்பா சாபாவுக்குக் கொடுத்தீர்களே, அந்த வெள்ளை ரொட்டி, அதை எங்களுக்கு ஏன் தருவதில்லை?" என்று கேட்டார்கள். அப்பா மூழ்கிய ஞானஸ்நான நீரில் நீங்களும் மூழ்கினால் தருகிறேன் என்றார் ஆயர். நீர் வேண்டாம், ரொட்டி மட்டும் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். மறுத்தவரை நாட்டைவிட்டே துரத்தினார்கள். சாபா என்பது அவர்கள் அப்பாவை வழக்கமாகக் கூப்பிட்ட பெயர் என்று பீட் தனியாகக் குறிப்பிடுகிறார். 1400 ஆண்டுகள் தாண்டி ஒரு வீட்டுக் குரல் கேட்பதுபோல் இருக்கும் எனக்கு. சிறிது காலத்தில் மூவரும் மேற்குச் சாக்சன்களோடு நடந்த போரில் மாண்டார்கள்.

2003இல் சவுத்எண்ட் அருகே பிரிட்டில்வெல்லில் ஒரு மர அறைக் கல்லறை கிடைத்தது. செம்புப் பாத்திரங்கள் சுவர்க் கொக்கிகளில் மாட்டியபடியே இருந்தன. தலைமாட்டில் இரண்டு சின்னத் தங்கத்தகட்டுச் சிலுவைகள். சேபர்ட்தான் என்று பலரும் நம்பினோம். 2019இல் வெளியான ஆய்வு காலத்தை 6ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தள்ளியதால், அவருடைய சகோதரர் சாக்சாவாக இருக்கலாம் என்கிறார்கள். உடலில் மிஞ்சியது பல் எனாமல் துணுக்குகள் மட்டும்.

வம்சம் அறுந்துவிடவில்லை. மகன் சேவார்ட் வழியில் வந்த எள்ளுப்பேரன், இன்னொரு ஓஃபா, 709இல் மனைவியையும் நாட்டையும் விட்டு ரோமுக்குப் போய்த் துறவியாகி, அங்கேயே இறந்தார்.