லேபில் சிரிக்கிறார்கள், வெளியே கண்டுகொள்வதில்லை!

கேள்வி: முதுநிலைப் படிப்புக்காக வெளிநாடு வந்து நான்காவது மாதம். வந்த புதிதில் எல்லாமே பிரமாதம். இப்போது அறையை விட்டு வெளியே போகவே பிடிக்கவில்லை. லேபில் சிரித்துப் பேசுபவர்கள் வெளியே பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். வகுப்பில் வாய் திறக்க வருவதில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: இல்லைம்மா. 1954-லேயே கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் ரியோ டி ஜெனிரோவில் பேசும்போது, வேற்று நாட்டுப் பழக்கவழக்கங்களுக்கு நடுவே தடுமாறும் இந்தக் ‘கல்ச்சர் ஷாக்’கை விலாவாரியாகச் சொல்லிவிட்டார். எப்போது கை குலுக்குவது, எந்த அழைப்பை ஏற்பது, யார் பேச்சை நிஜமென்று எடுத்துக்கொள்வது என்று ஊரில் யோசிக்காமல் செய்ததையெல்லாம் அங்கே யோசித்து யோசித்துச் செய்கிறீர்கள். சாயங்காலம் அலுத்துப்போகாமல் என்ன செய்யும்?

மறு ஆண்டே ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்பவர், அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களையும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களையும்விட, நடுவில் இருந்தவர்களே அதிகம் திண்டாடியிருந்தார்கள். அதற்காகக் காலண்டரில் நாட்களை எண்ணாதீர்கள். முதல் சில வாரங்களே படுமோசமாகப் போனவர்களும் உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. (புது மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சியான ஓரியன்டேஷனை முதல் வாரத்தில் தடபுடலாக நடத்துகிறார்களே, அதில் பாதியை மூன்றாவது மாதத்துக்குத் தள்ளிவைத்தால் புண்ணியமாகப் போகும்.)

நான் மாணவர் ஆலோசகராக இருந்தபோது, திங்கட்கிழமை காலையில் வரும் சிலருக்குக் குரலே கரகரக்கும். வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு யாரிடமும் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் கேட்டால், “பாடம் ஏறமாட்டேன் என்கிறது” என்பார்கள்.

லேப் தோழர்கள் உங்களை ஒதுக்குவதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு லேப் பழக்கம் லேபோடு சரி. உளவியலாளர் ஸ்டீஃபன் பாக்னர் குழு 1977-ல் ஹவாய் பல்கலைக்கழகத்து வெளிநாட்டு மாணவர்களின் நட்பை அலசியபோது, மனம்விட்டுப் பேச சொந்த நாட்டவர், படிப்புக்கு உள்ளூர்க்காரர், பொழுதுபோக்க மற்ற நாட்டு மாணவர் என்று மூன்று வட்டங்கள் தெரிந்தன. எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் தேடினால் ஏமாற்றம்தான். நீங்கள் மூன்றாவது வட்டத்தில் தொடங்குங்கள். அவர்களும் உங்களைப் போலவே ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வகுப்பில் வாக்கியத்தை மனசுக்குள் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அதனால் முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்க, ஒரே ஒரு கேள்வியை எழுதியே எடுத்துப்போங்கள். பேராசிரியரை அவருடைய ஆபீஸ் நேரத்தில் போய்ப் பாருங்கள். “புரியவில்லை சார்” என்று நிற்காமல், பக்கத்தைத் திறந்து, “இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போனார்கள்?” என்று விரல் வைத்துக் கேளுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமோ என்ற தயக்கமே வேண்டாம். அந்த நேரம் மாணவர்களுக்கென்றே ஒதுக்கியது.

தூக்கம் கெட்டு, வகுப்புக்கும் போகாமல் இரண்டு வாரம் ஓடிவிட்டால், காத்திருக்காமல் பல்கலைக்கழகக் கவுன்சலரிடம் போய்விடுங்கள். அங்கே பேசுவது மதிப்பெண் பட்டியலில் ஏறாது.

கேள்வி: வெளிநாட்டில் படிக்கும் மகன் தினமும் போனில் புலம்புகிறான். திரும்பி வரச் சொல்லிவிடட்டுமா?
- ஒரு தந்தை

பதில்: ராத்திரி போனில் அந்த முடிவை எடுக்காதீர்கள். நாள் முழுக்க அடக்கிவைத்ததை உங்களிடம் கொட்டுகிறான், அவ்வளவுதான். கொட்டிவிட்டு நன்றாகத் தூங்குகிறானா என்று மட்டும் பாருங்கள். படிப்பு முடிந்து வீடு திரும்பும்போது இதே தடுமாற்றம் இன்னொரு முறை வரலாம். ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதி 1963-லேயே அதை எழுதியிருக்கிறார்கள். அப்போது “பையன் மாறிட்டான்” என்று சொந்தபந்தமெல்லாம் கேட்கப் புலம்பாமல் இருங்கள்.