காரை விற்றாயிற்று, பொறுப்பு விட்டதா?

பழைய காரை நேரடியாகவோ தரகர் மூலமோ விற்றவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மோட்டார் விபத்து வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவர் தரும் பதில்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தரகர் மூலம் என் காரை விற்றேன். முழுப் பணமும் வந்துவிட்டது. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இப்போது அந்தக் கார் மோதி ஒருவர் இறந்துவிட்டார் என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. காரே என்னுடையது இல்லை எனும்போது நான் ஏன் போக வேண்டும்?

அவசியம் போங்கள். போகாவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பாகிவிடும்.

காரைக் கொடுத்துப் பணத்தை வாங்கியதோடு விற்பனை முடிந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையில் அது சரிதான். விபத்தில் அடிபட்டவருக்கு அது செல்லாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவுப்படி, ஆர்.சி.யில், அதாவது வாகனப் பதிவுச் சான்றில், யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கார் 2007-இல் விற்கப்பட்டு, அடுத்தடுத்துக் கைமாறி, 2009-இல் விபத்தில் சிக்கியது. யாருமே பெயர் மாற்றவில்லை. உயர் நீதிமன்றம் பின்னால் வாங்கியவர் தலையில் பொறுப்பைப் போட்டது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்றது. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம், கார் யார் யார் கைக்குப் போனது என்று தேடிக்கொண்டு அலைய முடியாது என்பதுதான் காரணம். நியாயமான காரணம் என்றே நானும் நினைக்கிறேன், என் கட்சிக்காரர்கள் பலருக்கு அது பிடிக்காவிட்டாலும்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவங்கள் என்ன ஆயின என்று ஊகிக்க முடிகிறது. அப்படிப்பட்ட படிவங்கள் வைத்த ஓர் உறையை ஒரு வழக்கில் நேரில் பார்த்தேன். வாங்குபவர் பெயருக்கான இடம் காலி, தேதியும் காலி. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் மட்டும் விற்றவரின் கையெழுத்து. கூடவே மூன்று தரகர்களின் விசிட்டிங் கார்டுகள். தரகர் தன் பெயருக்கு மாற்ற மாட்டார். மாற்றினால் கட்டணம் ஒருபுறம், ‘இரண்டாவது உரிமையாளர்’, ‘மூன்றாவது உரிமையாளர்’ என்று எண்ணிக்கை ஏறி விலை இறங்குவது மறுபுறம். ஆகவே வெற்றுப் படிவம் காரோடு சேர்ந்து பயணம் போகும்.

இப்போது நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: விபத்து நடந்த அன்று காரின் காப்பீடு நடப்பில் இருந்ததா? கார் கைமாறினாலும் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது காரால் அடிபடும் வெளியாருக்கான காப்பீடு, காரோடு போகும் என்கிறது 157-ஆம் பிரிவு. காப்பீடு இருந்து, ஓட்டியவருக்கு உரிமமும் இருந்தால், இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கட்டும். காப்பீடு காலாவதியாகியிருந்தால் முழுச் சுமையும் பதிவில் உள்ள உரிமையாளர் மேல் விழும். உரிமம் இல்லாதவர் ஓட்டியிருந்தால், நிறுவனம் முதலில் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்க அனுமதி பெறலாம்.

அடுத்த வாரம் காரை விற்கிறேன். என்ன செய்தால் பிறகு தூக்கம் கெடாது?

படிவங்களை முழுவதும் நிரப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாட்கள். வேறு மாநிலப் பதிவு என்றால் உங்களுக்கு 45 நாட்கள், பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும் தேவை. ‘நான் பார்த்துக்கொள்கிறேன் சார்’ என்று வாங்குபவர் சொல்வார். உங்கள் பங்கை நீங்களே செய்யுங்கள்.

காரை ஒப்படைத்ததற்கான டெலிவரி நோட் எழுதும்போது தேதியோடு மணியையும் எழுதுங்கள். காலை 11 மணிக்குக் கொடுத்த கார் மாலை 4 மணிக்கு மோதியிருக்கிறது, பார்த்திருக்கிறேன். கிலோமீட்டர் அளவு, வாங்குபவரின் அடையாள அட்டை நகல், இருவர் கையெழுத்து, இனி வரும் அபராதம், விபத்து எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு என்ற வரி, எல்லாம் இருக்கட்டும். அந்த வரி, விபத்தில் பாதிக்கப்பட்டவரிடமிருந்து உங்களைக் காப்பாற்றாது. கட்ட நேர்ந்த பணத்தை வாங்கியவரிடமிருந்து திரும்பக் கேட்கத்தான் உதவும். பிறகு அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாகன எண்ணைப் போட்டு, பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறும்வரை விடாதீர்கள்.

விற்றுவிட்டேன். காப்பீட்டை ரத்து செய்து மீதிப் பணத்தை வாங்கிக்கொள்ளலாமா?

பெயர் மாறுவதற்கு முன்பா? கூடவே கூடாது. சில ஆயிரம் ரூபாய்க்காக உங்கள் தலைக்கு மேலிருக்கும் ஒரே கூரையை நீங்களே பிரிக்கிறீர்கள். நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி, வேறு விஷயம். அது உங்களுக்குச் சொந்தம், காருக்கு அல்ல. நிறுவனத்திடம் கடிதம் வாங்கி வைத்தால் 3 ஆண்டுகளுக்குள் புதிய காருக்குப் பயன்படுத்தலாம்.

விற்றுப் பத்து நாளில் இன்ஜின் போய்விட்டது, பாதிப் பணம் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் போவேன் என்கிறார் வாங்கியவர்.

நீங்கள் கார் வியாபாரி இல்லை. சொந்தக் காரை விற்ற தனிநபர். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், தரத்துக்கான மறைமுக உத்தரவாதத்தை அந்தப் பொருளை வியாபாரம் செய்பவர் மேல்தான் சுமத்துகிறது. பார்த்து, ஓட்டி, மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டி வாங்கியவர், பிறகு வந்த பழுதுக்கு உங்களைப் பிடிக்க முடியாது.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லுங்கள். இன்ஜின் சூடாவது உங்களுக்கு முன்பே தெரியுமா? அவர் கேட்டபோது ‘எந்தப் பிரச்சினையும் இல்லை’ என்றீர்களா? அப்படியானால் கதையே வேறு. ஒப்பந்தச் சட்டப்படி பொய் சொல்வதும் குறையைத் திட்டமிட்டு மறைப்பதும் மோசடி. கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பியிருந்தால், வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கழுவித் துடைத்து விற்றிருந்தால், சிவில் வழக்கோடு ஏமாற்றுக் குற்றமும் சேரலாம். தெரிந்த குறைகளை டெலிவரி நோட்டில் எழுதிவிடுவது நல்லது. விலையில் ஐந்தாயிரம் குறையும், அவ்வளவுதான்.

வேகமாகப் போனதற்கான அபராதச் சீட்டு என் கைபேசிக்கே வருகிறது. சுங்கச்சாவடிப் பணமும் என் கணக்கில் கழிகிறது!

பதிவில் உங்கள் பெயரும் எண்ணும் இருக்கும்வரை அபராதம் வந்துகொண்டுதான் இருக்கும். டெலிவரி நோட்டோடு போக்குவரத்துக் காவல் பிரிவில் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவியுங்கள். பாஸ்டேகை இன்றே வங்கியில் சொல்லி மூடுங்கள். காரைக் கொடுத்த அன்றே செய்திருக்க வேண்டியது.

பழைய கார் நிறுவனத்திடம் விற்றால் இந்தத் தொல்லை இல்லையா?

அது அங்கீகாரம் பெற்ற வியாபாரியாக இருந்தால் பெரும்பாலும் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கார் கைமாறியதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்ததும் அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். ‘வந்துகொண்டிருக்கிறது’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடன் முடியவில்லை. மீதித் தவணையை வாங்குபவர் கட்டுவதாகப் பேசிக் கொடுக்கலாமா?

வேண்டாம். வங்கிக்கு நீங்கள்தான் கடனாளி. கடனை அடைத்து, வங்கியின் தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35-உம் வாங்கிய பிறகே விலை பேசுங்கள்.

முதல் கேள்வி கேட்டவன்தான். தரகர் போனை எடுப்பதில்லை. வாங்கியவர் யாரென்றே தெரியாது. வேறென்ன செய்யலாம்?

விற்ற விவரத்தைத் தேதியோடு எழுதி, பதிவு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். காலம் கடந்துவிட்டது, நடந்த விபத்துக்கும் உதவாது. ஆனால் அந்தக் கார் இன்னும் சாலையில்தான் ஓடுகிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். ஓட்டியவர் பெயர் அதில் இருந்தால், அவரிடம் கார் எப்படி வந்தது என்று அங்கிருந்து பின்னோக்கிப் போகலாம். தரகர் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துக்கொண்டு, முதல் வாய்தாவுக்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.