கையடக்கக் கருவியில் கார்ட்டூன்: கேள்வி-பதில்

கே: சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பியில் ஓடும் யுஎம்டி என்ற சிறு வட்டில் கார்ட்டூன் பார்க்கலாம் என்று பழைய பிஎஸ்பி கோ மாடலை வாங்கினேன். வட்டை எங்கே போடுவது?

ப: போட முடியாது. 2009-இல் வந்த கோ மாடலில் யுஎம்டி டிரைவே இல்லை. பணம் கட்டுமுன் பின்பக்கப் படத்தைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். வட்டு வேண்டுமானால் 1000, 2000, 3000 மாடல்களைப் பாருங்கள்.

கே: “பிஎஸ்பிக்கு மண்டலப் பூட்டு கிடையாது, எந்த நாட்டு வட்டும் ஓடும்” என்று சொல்லி ஒருவர் கார்ட்டூன் வட்டுகளை விற்றார். ஒன்றும் ஓடவில்லை.

ப: பாதி உண்மையைச் சொல்லி உங்களை ஏமாற்றியிருக்கிறார். பூட்டு இல்லாதவை விளையாட்டு வட்டுகள்தான். வீடியோ யுஎம்டிக்கு டிவிடி போலவே மண்டல எண் உண்டு. அவர் எழுதியதை அப்படியே சேமித்து வையுங்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தவறு உங்களுடையதல்ல.

கே: 64 ஜிபி மெமரி கார்டோடு பிஎஸ்பி வாங்கினேன். பட்டியலில் எல்லாக் கார்ட்டூனும் தெரிகிறது. முதல் சில மட்டுமே ஓடுகின்றன.

ப: போலி கார்டு. எத்தனை முறை எழுதினாலும் இந்த மோசடி ஓயமாட்டேன் என்கிறது. சில ஜிபி மட்டுமே கொள்ளும் கார்டு 64 என்று பொய் சொல்லும்படி உள்ளிருக்கும் சிப்பை மாற்றிவிடுகிறார்கள். கோப்புப் பெயர்கள் கார்டின் தொடக்கத்தில் பதிவாவதால் பட்டியல் முழுதாகத் தெரியும். கொள்ளளவைத் தாண்டி எழுதியது எங்கும் தங்காது. நாலு படம் போட்டுப் பார்த்து “நன்றாக ஓடுகிறது” என்று சொல்வது சோதனையே அல்ல. கார்டைக் கணினியில் செருகி, எச்2டெஸ்ட்டபிள்யூ நிரலால் முழுவதும் நிரப்பி, திரும்பப் படிக்க விடுங்கள். மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். பிழை வந்தால் அந்தத் திரையைப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். அடுத்த முறை, சோதித்த மைக்ரோ எஸ்டி கார்டை, பிஎஸ்பி ஏற்கும் புரோ டுவோ கார்டின் வடிவில் உள்ள அடாப்டரில் போட்டு, பிஎஸ்பியிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். படங்கள் 480×272 அளவில், எச்.264 எம்பி4 ஆக, ஏஏசி ஒலியுடன் இருக்கட்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘வீடியோ’ என்று பெயரிட்ட ஃபோல்டரில் போட வேண்டும்.

கே: பிஎஸ்பி 3000 மாடலுக்கு 3600 எம்ஏஎச் கொள்ளளவுள்ள பேட்டரி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

ப: வேண்டாம். அந்த மாடலோடு வந்தது 1200 எம்ஏஎச். அதே கூட்டுக்குள் மும்மடங்கு அடங்காது. அப்படி நான் வாங்கிய ஒன்று வீங்கி, மூடியையே தள்ளிவிட்டது. வீங்கியதைச் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

கே: நின்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கான கார்ட்டூன் கேட்ரிட்ஜ்களுக்காக, அதன் மடக்கு மாடலான எஸ்பி வாங்கப் போகிறேன். பிரகாசமான 101 திரைதானா என்று எப்படி உறுதி செய்வது?

ப: பின்னால் உள்ள லேபிளை நம்பாதீர்கள், கூட்டை மாற்றியிருக்கலாம். விளக்குப் பொத்தானை அழுத்திக் காட்டும் வீடியோ கேளுங்கள். மங்கலான 001 மாடலில் விளக்கு முழுவதும் அணையும். 101-இல் பிரகாசம் கூடும், குறையும், அணையாது. எஸ்பியில் ஹெட்ஃபோன் துளை கிடையாது, தனி அடாப்டர் வேண்டும். கார்ட்டூன் மட்டும் பார்ப்பதென்றால் நின்டெண்டோவின் இன்னொரு கையடக்கக் கருவியான டிஎஸ் லைட்டே மேல். அதே கேட்ரிட்ஜ் ஓடும், ஹெட்ஃபோன் துளையும் உண்டு.