இங்கிலாந்தில் நவம்பர் மாதம் என்ன காய்கறி வாங்கிச் சமைப்பது? கடையில் எதுவுமே ருசியாக இல்லையே?

இங்கே வந்து முதல் குளிர்காலம், தக்காளியும் கத்திரிக்காயும் வாங்கி வாங்கி அலுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் திண்டாடினேன். நவம்பர் தக்காளி பெரும்பாலும் ஸ்பெயின், மொராக்கோ பக்கமிருந்து வருகிறது. காயாகப் பறித்துப் பயணத்தில் பழுத்ததில் ருசியை எங்கே தேடுவது? இந்த மாதம் இந்த மண்ணில் விளைவதை வாங்குங்கள். லீக் (தடித்த வெங்காயத்தாள் மாதிரி), சவாய் கோஸ் (சுருங்கிய இலைக் கோஸ்), கேல் கீரை, பீட்ரூட், பார்ஸ்னிப், ஸ்ப்ரவுட்ஸ் (முளைப்பயறு அல்ல, உருண்டையான குட்டிக் கோஸ்), சமையலுக்கான ப்ராம்லி ஆப்பிள் எல்லாமே இப்போது நன்றாக இருக்கும், விலையும் குறைவு.

பார்ஸ்னிப் பார்க்க வெளுத்துப்போன கேரட் மாதிரி இருக்கும். உறைபனி விழுந்தால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அதனால் அக்டோபரில் வாங்கியதைவிட நவம்பர் கடைசியில் வாங்குவது தித்திக்கும். சாம்பாரில் மட்டும் போடாதீர்கள், சாம்பாரே இனித்துவிடும். நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். பெரிய கிழங்கென்றால் நடுத்தண்டு நாராக இருக்கும், அதைச் சீவி எடுத்துவிடுங்கள். எண்ணெய், உப்பு, இடித்த மிளகு சீரகம் பிசிறி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, 200 டிகிரி அவனில் 35 நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். நுனி கருஞ்சிவப்பாக முறுகி, உள்ளே சேப்பங்கிழங்கு மாதிரி மெத்தென்று வரும். ரசம் சாதத்துக்கு இதைவிட நல்ல தொட்டுக்கை இந்தக் குளிரில் கிடையாது.

ஸ்ப்ரவுட்ஸ் என்றால் பலருக்கு முகம் சுளிக்கும். தண்ணீரில் போட்டு நெடுநேரம் வேகவைத்தால் கந்தக வாடை கிளம்பும், அதுதான் காரணம். கோஸின் நெருங்கிய உறவுதானே, கோஸ் பொரியல் மாதிரியே செய்யுங்கள். மெல்லிசாக நறுக்கி, கடுகு உளுந்து தாளித்து, தண்ணீர் விடாமல் பெரிய தீயில் ஐந்தே நிமிடம். இறக்கும்போது தேங்காய்த்துருவல். தண்டோடு விற்பதை வாங்கினால் அதிக நாள் வாடாது.

அப்புறம் ப்ராம்லி. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு இந்த ஆப்பிளும் ஒரு காரணம். 1809-இல் நாட்டிங்காம்ஷயரின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்போர்ட் என்ற சிறுமி ஊன்றிய விதையில் முளைத்தது. பிற்பாடு அந்த வீட்டை வாங்கிய ப்ராம்லி என்ற கசாப்புக்கடைக்காரரின் பேர்தான் பழத்துக்கு நிலைத்தது. நட்ட பெண்ணின் பேர் வரவில்லையே என்று எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு.

பச்சையாகக் கடித்தால் பல் கூசும் புளிப்பு. அடுப்பில் ஏறினால் சில நிமிடத்தில் துண்டுகள் நுரைத்து, பஞ்சாகக் கரைந்துவிடும். இங்கே மாவு, வெண்ணெய், சர்க்கரை பிசிறி மேலே தூவிக் க்ரம்பிள் செய்வார்கள், அதையும் அவசியம் செய்து பாருங்கள். நம் வீட்டில் மாங்காய்க்குப் பதில் இதுதான். இரண்டு பழத்தைத் தோல் சீவி நறுக்கி, மஞ்சள், உப்பு, இரண்டு கரண்டித் தண்ணீர் மட்டும் விட்டு மூடி வையுங்கள். கரையத் தொடங்கும்போது வெல்லம் போட்டு, கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டினால் பச்சடி தயார். மாங்காய் வாசனை வராதுதான். புளிப்பும் இனிப்பும் மோதும் அந்த ருசி அப்படியே வரும்.

கடையில் வாங்கும் முன் உங்கள் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். மரம் வைத்திருப்பவர்கள் மிஞ்சிய ஆப்பிளைப் பெட்டியில் போட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வாசலில் வைப்பார்கள். அடிபட்டதை அன்றே சமைத்துவிடுங்கள். அடிபடாததை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றிக் குளிர்ந்த அறையில் வைத்தால் பொங்கல் வரைக்கும் வரும்.