அந்த எண்ணை முதலில் விடுவியுங்கள்

கேள்வி: என் தந்தை தலைமைக் காவலராகப் பணியாற்றியவர். 1988 பிப்ரவரியில், இரவு வாகனச் சோதனையின்போது கள்ளச்சாராயம் கடத்தி வந்த லாரியை மறித்தார்; நிறுத்தாமல் அவர் மீதே ஏற்றிக் கொன்றுவிட்டார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அவர் பணிபுரிந்த காவல் நிலையத்தில் அவருடைய படம் மாலையும் சிறு விளக்குமாக இருந்தது. நிலையம் புதிய கட்டடத்துக்கு மாறியபோது படம் அங்கே போகவில்லை. பழைய கட்டடத்தில், கோப்புக் கட்டுகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி கிடந்ததை நானே பார்த்தேன். அக்டோபர் 21 நிகழ்ச்சியிலும் அவர் பெயரை வாசிப்பதில்லை. இப்போதெல்லாம் பணியில் கொல்லப்படும் காவலரின் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் வரை தருகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது அம்மாவுக்கு ஓர் எழுத்தர் வேலை மட்டுமே. எங்கள் தெருவுக்கு அவர் பெயரைச் சூட்டக் கோரி மூன்று மனுக்கள் கொடுத்தும் பயனில்லை. அம்மாவும் இதில் ஆர்வம் காட்டுவதில்லை. அன்று அப்பாவுடன் இருந்து, கால் முறிந்து தப்பிய காவலர் ஒருவர் நினைவு நாள்தோறும் அம்மாவை அழைத்து ஒரு மணி நேரம் பேசுவார். பிறகு அம்மா நாள் முழுக்க அழுதுகொண்டிருப்பார் என்பதால், இரண்டு வருடங்களுக்கு முன் அம்மாவின் கைப்பேசியில் அவர் எண்ணை பிளாக் செய்துவிட்டேன். என் தந்தையை ஊர் மறக்காமலிருக்க இன்னும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தையும், அதனுடன் இணைத்திருந்த மூன்று மனுக்களின் நகல்களையும், அந்தப் பழைய கட்டடத்தில் நீங்கள் எடுத்த புகைப்படங்களையும் பார்த்தேன். காவலர் குடும்பங்களிலிருந்து இதே மனக்குறையோடு வரும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. படம் கழற்றப்பட்டது, பெயர்ப்பலகை வைக்கப்படவில்லை, மேடைக்கு அழைக்கவில்லை என்றுதான் அவை தொடங்கும். படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தவர் செய்தது தவறு, அதை மீட்டுப் புதிய நிலையத்தில் மாட்டக் கோர உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்தப் படம் அல்ல. கடைசியில், போகிற போக்கில், நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரிகள்தான்.

உங்கள் தந்தையை ஆண்டு தவறாமல் நினைத்து, கேட்காமலேயே தொலைபேசியை எடுக்கும் ஒரு மனிதர் இந்த உலகத்தில் இருக்கிறார். அவரை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். செய்துவிட்டு, ஊர் மறக்கிறதே என்று எனக்கு நான்கு பக்கம் எழுதுகிறீர்கள்.

யாருடைய கைப்பேசி அது? உங்களுடையதாக இருந்தால் உங்கள் விருப்பம் என்று விட்டிருப்பேன். இளம் வயதில் கணவரை இழந்து, அவருடைய துறையின் அலுவலகத்திலேயே எழுத்தராகச் சேர்ந்து, அவர் பெயரை ஒரு சொல்லாக மட்டும் தாங்கிய கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து உங்களை வளர்த்து ஆளாக்கிய ஒரு பெண்மணி யாருடன் பேச வேண்டும், பேசிய பிறகு எவ்வளவு நேரம் அழ வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை உங்களுக்குக் கொடுத்தது யார்? அழுதால் அம்மாவின் உடல்நிலை கெட்டுவிடும் என்று நீங்கள் பயந்திருக்கலாம். இருந்தும், உங்கள் வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தபோது எனக்குப் பட்டது வேறு: அம்மா அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க உங்களால் முடியவில்லை. உங்கள் தவிப்பைக் குறைத்துக்கொள்ள அம்மாவிடம் எஞ்சியிருந்த ஒரே உரையாடலைப் பறித்துவிட்டீர்கள். "அம்மாவும் ஆர்வம் காட்டுவதில்லை" என்று அதற்கு முந்தைய வரியிலேயே எழுதியிருக்கிறீர்களே, தெருப் பலகையில் அவருக்கு என்ன ஆர்வம் இருக்கும்? அந்தப் பலகை அவருடைய கணவரைப் பார்த்ததில்லை. கால் முறிந்த அந்தக் காவலர் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு பிப்ரவரியிலும் வந்துகொண்டிருந்த அழைப்பு இரண்டு முறை வரவில்லை என்றால், அவர் இறந்துபோய்விட்டார் என்றே உங்கள் தாயார் நினைத்துக்கொண்டிருக்கலாம். இதை நீங்கள் யோசித்தீர்களா?

அக்டோபர் 21 பற்றி உங்களுக்கு இருப்பது ஒரு தவறான புரிதல், அதை உடனே தீர்த்துவிடலாம். 1959-ல் அதே நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரின் தாக்குதலில் 10 காவலர்கள் கொல்லப்பட்டதை முன்னிட்டு நாடு முழுவதும் காவலர் வீரவணக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று வாசிக்கப்படுபவை முந்தைய ஆண்டின் செப்டம்பர் 1 முதல் அந்த ஆண்டின் ஆகஸ்ட் 31 வரை பணியில் உயிரிழந்தவர்களின் பெயர்கள். துப்பாக்கிகளைத் தலைகீழாகத் தாழ்த்தி நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் ஒருவருடைய பெயர் ஒலிப்பது அந்த ஒரே ஆண்டில்தான். அந்த முறைப்படி உங்கள் தந்தைக்குரிய முறை 1988 அக்டோபரோடு முடிந்துவிட்டது. அதை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ள இடமில்லை. 2018-ல் டெல்லி சாணக்கியபுரியில் திறக்கப்பட்ட தேசியக் காவலர் நினைவிடத்தின் சுவரில், நாடு விடுதலை பெற்றதிலிருந்து பணியில் உயிர்நீத்த 34,844 பேரின் பெயர்கள் அப்போது பொறிக்கப்பட்டிருந்தன. அதில் உங்கள் தந்தையின் பெயர் சரியான எழுத்துக்கூட்டலுடன் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? மனுக்களில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஒரு கோடியைப் பற்றிய உங்கள் ஒப்பீட்டை நான் வளர்க்கப் போவதில்லை. 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளை சோதனைச்சாவடியில் சுட்டுக்கொல்லப்பட்ட சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனின் குடும்பத்துக்கு அந்தத் தொகை அறிவிக்கப்பட்டது உண்மை.

இப்போது மனுக்களுக்கு வருகிறேன். மூன்றிலும் ஒரே வாக்கியம்: "சமூக விரோதிகளைத் தடுக்க முயன்று வீரமரணம் எய்திய என் தந்தை". இந்த வாக்கியத்தை அந்தச் சுவரிலுள்ள 34,844 பேரில் பல ஆயிரம் பேருக்குப் பொருத்தலாம். லாரி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை பேர் பணியில் இருந்தார்கள், அவர் ஏன் ஓரமாக ஒதுங்கவில்லை, அவருக்கு நினைவிருந்ததா, கடைசியாக யாரிடம் என்ன சொன்னார் என்பது எதுவும் இல்லை. அவர் எப்படிச் சிரிப்பார், கோபம் வந்தால் என்ன செய்வார் என்பதற்கும் நான்கு பக்கக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. எட்டு வயதில் தந்தையை இழந்த உங்களுக்கு அவை தெரியாமல் போனதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். தெரிந்தவர் ஆண்டுதோறும் அழைத்தபோது கேட்டுக்கொள்ளாமல் இருந்ததற்குத்தான் சொல்கிறேன்.

செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், மாடுகளைக் காக்கும் சண்டையில் விழுந்த கருந்தேவக்கத்தியின் உருவத்தோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. அந்தக் கல்லைச் செதுக்கியவன் சண்டையைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. பார்த்தவன் ஒருவன் உயிரோடு திரும்பி வந்து, நாயின் பெயர் உட்பட, சொல்லியிருக்க வேண்டும். ஊரார் அவனை உட்கார வைத்து முழுவதையும் கேட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு அப்படித் திரும்பி வந்தவருடைய எண்ணைத்தான் நீங்கள் பிளாக் செய்திருக்கிறீர்கள்.

அவருடைய நிலைமையையும் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரே சாலையில், ஒரே இரவில், ஓர் அடி இடைவெளியில் ஒருவர் மாண்டு மற்றவர் முறிந்த காலோடு எழுந்திருக்கிறார். அந்த இரவைப் பற்றி அவர் தம் மனைவி மக்களிடம் பேசியிருப்பாரோ என்னவோ, எனக்குச் சந்தேகம்தான். பேசக்கூடிய ஓர் இடமாக உங்கள் தாயாரை அவர் வைத்திருந்திருக்கிறார். அதனால்தான் அந்த ஒரு மணி நேரம். உங்களுக்கு அது நீண்டதாகத் தோன்றியது.

தெருப் பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானத்தில் தொடங்க வேண்டிய வேலை. உங்கள் வார்டு உறுப்பினர் மன்றத்தில் எழுந்து நின்று சொல்வதற்கு ஒரு கதை வேண்டும், வெறும் "வீரமரணம்" போதாது. மாவட்டக் காவல் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்து, முதல் தகவல் அறிக்கையின் நகலையும் பணிப்பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வழக்கு நடந்திருந்தால் நீதிமன்றத்தில் தீர்ப்பின் நகலுக்கு மனுச் செய்யுங்கள். படத்தை நிலைய ஆய்வாளரிடம் நேரில் கேட்டுப் பெறுங்கள்; படத்தின் மரச்சட்டத்தைத் துடைத்து, கண்ணாடி மாற்றி, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். ஆணி அடித்து மாட்ட ஒருவரும் மறுக்க மாட்டார்கள்.

இவை எல்லாம் பிறகு. இன்று மாலை அம்மாவின் கைப்பேசியை வாங்கி அந்த எண்ணை விடுவியுங்கள். விடுவித்தால் மட்டும் போதாது, அவர் மறுபடி அழைப்பார் என்று காத்திருக்கவும் வேண்டாம். இரண்டு முறை இணைப்புக் கிடைக்காத முதியவர் மூன்றாம் முறை முயல மாட்டார். பிப்ரவரி வரை தள்ளிப்போடாமல் நீங்களே அழைத்து, எண்ணை பிளாக் செய்தது நான்தான், அம்மாவுக்குத் தெரியாது, என்னை மன்னிக்க வேண்டும் ஐயா என்று சொல்லுங்கள். பிறகு அம்மாவிடமும் அதையே சொல்லிவிட்டுக் கைப்பேசியை அவர் கையில் கொடுங்கள். அவர்கள் பேசும்போது அடுத்த அறைக்குப் போய்விடாதீர்கள். அம்மா அழுதால் அழட்டும், "போதும்மா" என்று குறுக்கே சொல்லாதீர்கள். அடுத்த மாதம் அந்தப் பெரியவர் ஊருக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள், ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துச் செல்லுங்கள். நான்காவது மனுவின் முதல் வரியை அவர் சொல்லி நீங்கள் எழுதுங்கள்.